மரண அறிவித்தல்: திருவாளர் கிகாஹேர்ட்ஸ்

அமெரிக்கா, கலிபோர்னியாவைப் பிறப்பிடமாகவும் மாத்தளை திருகோணமலை வீதியிலுள்ள கொமினிகேஷன் கடையொன்றின் பின்னறையை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் கிகாஹேர்ட்ஸ் அவர்கள் 2004 ஒக்டோபரில் காலமானார். அன்னார் காலஞ்சென்ற மெகாஹேர்ட்ஸின் அன்பு மகனும், பென்டியம் 4இன் ஆருயிர்த் துணைவரும், டுவல் கோர், குவாட் கோர், ஒக்டா கோர் ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இதை அந்தக் கடையிலேயே, பாமினி எழுத்தில், கறுப்புக் கரை போட்ட ஏ4 தாளில் அடித்து எடுத்திருக்க வேண்டும். இருபது வருடம் பிந்திவிட்டது. அந்த நாட்களில் மாத்தளையில் யார் வீட்டில் மரணம் நடந்தாலும் விடியற்காலையில் ஒருவர் வந்து ஷட்டரைத் தட்டுவது இப்படியான கடைகளில்தான். கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு டெலிபோன் பெட்டி, ஒரு ஃபோட்டோகொப்பி மெஷின், மூன்று கம்ப்யூட்டர். மாலைகளில் நான் அங்கே தமிழ் அடித்துக் கொடுத்தவன். பெயரும் வயதும் கேட்டு, பழைய அறிவித்தல் ஒன்றைத் திறந்து, பெயர்களை மட்டும் மாற்றி, ஐம்பது பிரதி எடுத்துக் கொடுப்பேன். ஒரு செத்தவரின் பேரப்பிள்ளை இன்னொரு செத்தவரின் அறிவித்தலில் அழிபடாமல் தங்கிப்போய், கடை வாசலில் சண்டை வந்ததும் உண்டு.

முதலாளி நானாவின் உண்மையான வியாபாரம் பின்னறையில் நடந்தது. கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் சாமான் எடுத்து, கோட்டையில் ரயில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு மாத்தளை வருவார். இங்கே பூட்டி விற்பார். பூட்டிய பெட்டியின் நெற்றியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ராம் எவ்வளவு, ஹாட் டிஸ்க் எவ்வளவு என்பதெல்லாம் கீழே சின்ன எழுத்தில். மேலே, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி மார்க்கர் பேனாவால்: 2.4.

"இது ஒண்டு தசம் ஏழு. அது ரெண்டு தசம் நாலு. பொறகு நான் என்னத்தச் செல்ல, தம்பி?" என்பார்.

எல்கடுவைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து, பென்ஷன் போன கையோடு கிடைத்த சேமலாப நிதிக் காசைச் சட்டை உள்பையில் வைத்துக்கொண்டு, ஏ.எல். எழுதிய மகளோடு வந்த ஒருவரை மறக்கவில்லை. கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, இதுல கூடுனது எது?" நான் மார்க்கர் எழுத்தைக் காட்டினேன். மகள் தலையாட்டினாள். அவர் உள்பையில் கையை விட்டார். அவ்வளவுதான் பேரம். எழுபதுகளில் அவருடைய அப்பா ரேடியோ வாங்கப் போனபோதுகூட இதைவிட அதிகம் யோசித்திருப்பார்.

மாத்தளைக்காரனுக்கு ஒற்றை எண்ணை நம்பும் பழக்கம் முன்பே உண்டு. மிளகு விற்கப் போனால் எத்தனை கிலோ என்று மட்டும் பார்ப்பதில்லை. ஒரு லீட்டர் அளவைக்குள் கொட்டி, அது எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். 550 நின்றால் விற்கிறவன் நெஞ்சை நிமிர்த்தலாம். 450 என்றால் வியாபாரி தலையைச் சொறியத் தொடங்குவார். முற்றிய கனத்த மணியா, அவசரத்துக்குப் பிஞ்சில் பறித்துக் காயவைத்த பொக்கா என்பதை அந்த எண் சொல்லிவிடும். காரத்தையும் வாசத்தையும் அது சொல்லாது. ஆனாலும் விற்கிறவன், வாங்குகிறவன் இருவர் கண்ணுக்கும் ஒரே மாதிரித் தெரிகிற எண். கிகாஹேர்ட்ஸ் எங்களுக்கு அப்படித்தான் இருந்தது.

ஒரு கிகாஹேர்ட்ஸ் என்றால் வினாடிக்கு நூறு கோடித் துடிப்பு. 1971இல் இன்டெல் செய்த முதல் நுண்செயலி 4004. அதற்குள் இருந்தவை 2,300 டிரான்சிஸ்டர்கள், துடிப்பு 740 கிலோஹேர்ட்ஸ். 1993இல் பென்டியம் வந்தபோது 60, 66 மெகாஹேர்ட்ஸ். 2000 மார்ச் 6ஆம் திகதி ஏஎம்டி நிறுவனம் தன் அத்லோனை ஆயிரம் மெகாஹேர்ட்ஸில் அறிவித்தது. இரண்டு நாள் கழித்து இன்டெலும் அதே எண்ணோடு வந்து நின்றது. ஏழு வருடத்தில் பதினைந்து மடங்குக்கு மேல். இதில் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு சுகம் இருந்தது. பேஜ்மேக்கரில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம், பாமினியைத் தொட வேண்டாம். பெட்டியை மட்டும் மாற்றினால் அதே வேலை பாதி நேரத்தில் முடியும். சிப் வடிவமைப்பவர் எங்கோ வியர்வை சிந்தினார், மாத்தளையில் தேர்த் திருவிழா நோட்டீஸ் சீக்கிரம் அச்சாகியது. கோவில் அன்னதானம் மாதிரி. யார் அரிசி போட்டார் என்று பந்தியில் இருப்பவன் கேட்பதில்லை.

அன்னதானத்தில் கல் கலந்தது 2000ஆம் ஆண்டுக் கடைசியில்.

மேல்மாடிக்குக் கொங்கிறீட் போடும் நாளை நினைத்துப் பாருங்கள். கலவைக் குவியலிலிருந்து கூரை வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று தாச்சியைக் கைமாற்றுவார்கள். பத்துப் பேர் என்றால் ஒவ்வொருவரும் இரண்டு எட்டு வைத்துத்தான் அடுத்தவரிடம் கொடுக்க முடியும். இருபது பேர் நின்றால் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினால் போதும், தாளம் இரட்டிப்பாகும். சிப்புக்குள்ளும் இப்படி ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு கட்டளையும் படிபடியாகக் கைமாறித்தான் முடிகிறது. பென்டியம் 3இல் ஏறக்குறைய 10 படி. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4இல் 20. படி சிறுக்கச் சிறுக்கத் துடிப்பின் எண் ஏறும். ஆனால் கலவை பிழை என்று மேசன் கூரையிலிருந்து கத்தினால், வரிசையில் கைமாறிக்கொண்டிருக்கும் அத்தனை தாச்சியையும் கீழே கொட்ட வேண்டும். புரோகிராம் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே ஊகித்துத்தான் சிப் தன் வரிசையை நிரப்புகிறது. ஊகம் தவறினால் கொட்டுதல்தான். வரிசை நீண்டால் கொட்டுகிற தாச்சியும் கூடும்.

அதனால்தான் 1.5 என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த முதல் பென்டியம் 4, சில வேலைகளில் 1 என்று எழுதிய பென்டியம் 3இடம் தோற்றது. மிளகுக்குள் பப்பாசி விதை கலந்த கதை. கண்ணுக்கு மிளகுதான், கறியில் காரம் இருக்காது. ஏஎம்டிக்காரர்கள் 2001இல் இதற்கு ஒரு மாற்றுவழி கண்டார்கள். 1.53இல் ஓடும் சிப்புக்கு 1800+ என்று பெயர் வைத்தார்கள். எங்கள் நானா அந்தப் பெட்டியை விற்க முடியாமல் தவித்தார். "இதுல என்ன நம்பர் எழுதுற? உண்மைய எழுதினா ஒத்தனும் வாங்க மாட்டான்."

2004 பெப்ரவரியில் பிரெஸ்கொட் என்ற பட்டப்பெயரோடு வந்த பென்டியம் 4இல் வரிசை 31 படியாகியது. வடக்கில் 31ஆம் நாள் அந்தியேட்டி, மலையகத்தில் 16ஆம் நாள் கருமாதி. இன்டெல்காரர்கள் யாழ்ப்பாண முறையைப் பின்பற்றினார்கள் போல.

கிகாஹேர்ட்ஸைக் கொன்றது வரிசையின் நீளம் என்று சொல்லிவிட முடியாது. சூடு. ஒரு சிப் தின்னும் மின்சாரம் துடிப்போடு நேர் விகிதத்தில் ஏறும், வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். ஐபிஎம்மில் இருந்த ரொபர்ட் டெனார்ட் 1974இல் ஒரு நல்ல செய்தி சொல்லியிருந்தார். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே அளவு குறைத்தால், ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எழும் சூடு அப்படியே இருக்கும். முப்பது வருடம் தொழிலே இந்தக் கணக்கில் ஓடியது. பிறகு டிரான்சிஸ்டரின் உள்ளே இருக்கும் காப்புப் படலம் சில அணுக்களின் தடிப்புக்கு இளைத்துப்போனது. மூடிய பைப்பிலிருந்து தண்ணீர் ஒழுகுவதுபோல, நிறுத்திவைத்த டிரான்சிஸ்டரிலிருந்தும் மின்சாரம் ஒழுகியது. வோல்டேஜை இதற்குமேல் இறக்க முடியவில்லை. துடிப்பை ஏற்றினால் சூடு மட்டும் ஏறியது. 2001 பெப்ரவரியிலேயே இன்டெலின் பெட் கெல்சிங்கர், சான் பிரான்சிஸ்கோவில் சிப் பொறியியலாளர் மாநாட்டில் இதை எச்சரித்திருந்தார். இதே பாதையில் போனால் 2005இல் அணு உலையின் சூடு, 2010இல் ராக்கெட் வாயின் சூடு, 2015இல் சூரியனின் மேற்பரப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சபையில் சிரித்திருப்பார்கள். நாலு வருடத்துக்குள், 3.8 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4க்கு 115 வொட் என்று எழுத வேண்டி வந்தது. ஒரு சதுர சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டிய சிலிக்கன் துண்டுக்குள், பழைய 100 வொட் குண்டு பல்பைவிட அதிகம்.

பின்னறைக்கு மேலே அஸ்பெஸ்டஸ் ஷீட். மாசி, பங்குனி மாதங்களில் பகல் இரண்டு மணிக்குப் பிறகு உள்ளே நிற்க முடியாது. நானா பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேசை ஃபேனைத் தன் பக்கமிருந்து பெட்டியின் பக்கம் திருப்புவார். தான் வியர்த்துக்கொண்டே இருப்பார். "வேகமும் ஈக்கி, சூடும் ஈக்கி தம்பி." ஒருநாள் மாசி மகத் திருவிழா நோட்டீஸில் உபயகாரர் பெயர்கள் நூற்றுச் சொச்சம் அடித்து முடித்து, சேவ் பண்ணாமல் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் திரை கறுப்பு. மூடியைத் திறந்து பார்த்தோம். சூடு வாங்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் கடதாசித் தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. ஃபேன் இறக்கைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பல்லி, வற்றல் போலக் காய்ந்து. குற்றம் என்னுடையது, தூசியுடையது, பல்லியுடையது. உபயகாரர்களை மறுபடி அடித்தபோது இரண்டு பேர் விடுபட்டுப்போனார்கள். அவர்கள் என்னை மன்னித்தார்களா என்று இன்றுவரை கேட்கவில்லை.

காலமான திகதி பற்றி இரண்டு கட்சி உண்டு. பிரெஸ்கொட்டுக்கு அடுத்து வர இருந்த சிப்புக்கு இன்டெல் வைத்திருந்த பட்டப்பெயர் தேஜஸ். ஒளி, தகிப்பு என்று நம் ஊரில் பொருள் சொல்லும் சொல். பெயரைப் பார்த்தே யாராவது எச்சரித்திருக்கலாம். 2004 மே மாதம் தேஜஸைக் கைவிடுவதாக இன்டெல் அறிவித்தது. அதுதான் சாவு என்பது ஒரு கட்சி. நான் ஒக்டோபர் கட்சி. அந்த மாதம், வாக்குக் கொடுத்திருந்த 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 வராது என்று சொல்லிவிட்டு, இன்டெலின் தலைவர் கிரெய்க் பெரெட் புளோரிடாவில் ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டாகத்தான். ஆனாலும் ஒரு எண்ணுக்காக ஒரு பெரிய கொம்பனியின் தலைவர் முழந்தாளிட்டதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. 3.8 கடைக்கு வந்தது அதற்கும் பிறகு, நவம்பரில். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய காசு கருமாதி முடிந்து வந்து சேர்வதுபோல.

பிறகு என்ன செய்வது? இங்கேதான் வடிவமைப்பாளரின் கெட்டித்தனம். துடிப்பையும் வோல்டேஜையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். 0.8ஐ மூன்று தடவை பெருக்கினால் 0.512. வேகம் இருபது சதவீதம்தான் போகிறது, மின்செலவோ பாதியாகிவிடுகிறது. மிச்சமான பாதியில் இன்னொரு சிப்பையே பக்கத்தில் வைத்துவிடலாம். அதே சூட்டில், காகிதத்திலாவது, 1.6 மடங்கு வேலை. ஒரே சில்லில் இரண்டு கோர் என்பதன் அடிக்கணக்கு இவ்வளவுதான். ஐபிஎம் 2001இலேயே பவர்4 என்ற பெரிய கணினிச் சிப்பில் இதைச் செய்துவிட்டிருந்தது. வீட்டுப் பெட்டிக்கு 2005 மே மாதம் இன்டெலின் பென்டியம் டி, ஏஎம்டியின் அத்லோன் 64 எக்ஸ்2 இரண்டும் அடுத்தடுத்து வந்தன. அதே வருடம் நவம்பரில் மூன்று கோரோடு எக்ஸ்பொக்ஸ் 360, அடுத்த வருடம் ஒரு பெரிய கோரும் எட்டுச் சின்னக் கோரும் கொண்ட செல் சிப்போடு பிளேஸ்டேஷன் 3. எட்டில் ஒன்றை அடைத்து வைத்துத்தான் விற்றார்கள். தயாரிப்பில் ஒன்று பழுதானாலும் சிப்பைத் தூக்கி எறியாமல் இருக்க.

வாரிசாக வந்தவர் எதிர்பாராத வீட்டுப் பிள்ளை. மடிக்கணினிக்காக இஸ்ரேலின் ஹைஃபாவில் ஒரு குழு பேட்டரியைச் சிக்கனம் பிடித்துச் சிப் செய்துகொண்டிருந்தது. 2003இல் அவர்கள் தந்த பென்டியம் எம், எண்ணில் சிறியது; வேலையில் தன்னைவிடப் பெரிய எண்களோடு சரிக்குச் சரி நின்றது. வரிசையைச் சுருக்கி, ஒரு துடிப்பில் அதிக வேலை முடிக்கும் வழி அது. 2006 ஜூலை 27ஆம் திகதி வந்த கோர் 2 டுவோ அந்த வம்சம். இரண்டு கோர், 65 வொட், எண்ணோ 2.4. நானா அந்தத் தாளை ஒட்டிவிட்டுத் தாடியைத் தடவியது ஞாபகம் இருக்கிறது. பின்னறையில் ஏற்கெனவே ஒரு பழைய 2.4 இருந்தது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் அரைவாசிக்கு மேல். "ரெண்டும் ரெண்டு தசம் நாலுதானே நானா?" என்று வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. எங்களில் யாராலும் முடியவில்லை. எண் எங்களை விட்டுப் போனது எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

அன்னதானமும் நின்றது. 2005இல் ஹேர்ப் சட்டர் என்ற மென்பொருள் அறிஞர், இலவசச் சாப்பாடு முடிந்தது என்றே ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். இரண்டு கோரைக் கொடுத்தால் பழைய புரோகிராம் ஒன்றில் மட்டும் உட்கார்ந்துகொண்டு மற்றதைத் திரும்பியும் பார்க்காது. வேலையைப் பிரித்து எழுதும் பாரம் சிப் வடிவமைப்பவரின் தலையிலிருந்து புரோகிராம் எழுதுபவரின் தலைக்கு இறங்கியது.

பிரிப்பது எவ்வளவு தொல்லை என்பதற்கு நான் தூரம் போக வேண்டாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளைப் பாதையில் சற்றே போனால் அலுவிகாரை. அதுவரை பிக்குகளின் மனப்பாடத்தில் இருந்த திரிபிடகம், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில் அங்கே ஓலையில் ஏறியது. எழுதியவர் 500 பிக்குகள் என்பது மரபு. ஒரு குகையில் இருப்பவர் ஒரு வரியைத் திருத்துகிறார் என்று வையுங்கள். அதே வரியை ஓலையில் வைத்திருக்கும் மற்றக் குகைக்காரருக்கு உடனே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு திரிபிடகம் ஆகிவிடும். ஒவ்வொரு கோருக்கும் பக்கத்தில் கேஷ் என்ற சொந்த ஓலைக்கட்டு இருக்கிறது. ஒருவர் திருத்தியது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் மல்டிகோர் வடிவமைப்பின் தீராத தலைவலி. கோர் கூடக் கூட, வேலையைவிட "நீ மாற்றினாயா, நான் மாற்றவா" என்ற ஓட்டம் கூடும். 500 பேர் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று ஒரு சிப் பொறியியலாளர் வந்து அலுவிகாரையில் உட்கார்ந்து யோசித்தால் நன்றாக இருக்கும்.

அடுத்தது தெரு. மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோவிலிலிருந்து ஐந்து தேர் புறப்படும். 108 அடி இராஜகோபுரத்தைத் தாண்டி வீதிக்கு வந்தால் ஐந்துக்கும் ஐந்து வடம், ஐந்து கூட்டம். இழுக்கிறவர் பலம் ஐந்து மடங்கு. ஆனால் தெரு ஒன்று. திருப்பத்தில் முதல் தேர் கட்டைக்கு நின்றால் மற்ற நாலும் நிற்கும். ஜீன் அம்டால் 1967இல் சொன்னது இந்தத் தெருவைத்தான். வேலையில் கால்வாசியைப் பிரிக்க முடியாது என்றால், எட்டுக் கோர் வைத்தாலும் மூன்று மடங்குகூட வராது. எண்ணற்ற கோர் வைத்தாலும் நாலு மடங்கைத் தாண்டாது.

இதெல்லாம் தெரிந்தும் கடைத்தெரு புதிய எண் ஒன்றைத் தேடியது. போன் வந்தது. 2011இல் எல்ஜியின் ஒப்டிமஸ் 2எக்ஸ் இரண்டு கோரோடு வந்தபோது அது பெரிய செய்தி. 2013 நவம்பரில் மீடியாடெக் எட்டுக் கோர்ச் சிப்பை அறிவித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு குவல்கொமின் உயர் அதிகாரி அனந்த் சந்திரசேகர், எட்டுப் புல்வெட்டி மெஷினின் எஞ்சினைக் கூட்டிக் கட்டினால் பந்தயக் கார் ஆகாது என்ற பொருளில் கிண்டலடித்திருந்தார். 2014 பெப்ரவரியில் குவல்கொமும் எட்டுக் கோர் ஸ்னப்டிராகன் 615ஐ அறிவித்தது. கடைத்தெரு கேட்டால் கொடுத்துத்தானே ஆகவேண்டும். இடையில் அப்பிள், 2013 ஐபோனில் இரண்டே கோரும் 1.3 கிகாஹேர்ட்ஸும் வைத்துக்கொண்டு, நாலு கோர்க்காரர் பலரை முந்தியது. எண்ணால் எதையும் சொல்ல முடியாத காலம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எட்டு என்று போன் பெட்டியில் எழுதியிருப்பதில் பெரும்பாலும் பாதியோ அதற்கு மேலோ சின்னக் கோர்கள். 2011இல் ஏஆர்எம் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏற்பாடு. பாரமான வேலைக்குப் பெரியவர், சில்லறை வேலைக்குச் சிறியவர். நானா கடையிலும் அப்படித்தான். மதர்போர்ட் என்றால் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவார். ரீலோட் போடப் பையன் போதும். எல்லாவற்றுக்கும் நானாவை எழுப்பினால் கரண்ட் பில் தாங்காது. இதை நான் நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன். ஆனால் பெட்டியில் எட்டு என்று எழுதுவது, நானாவையும் பையனையும் கூட்டி இரண்டு பாஸ் என்று போர்ட் போடுவது மாதிரி.

இந்தக் கதையில் நாங்கள் எப்போதும் வாங்குகிற பக்கம். அப்படியே இருந்திருக்க வேண்டும் என்றில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மோட்டரோலாவும் ஹரிஸ் கோர்ப்பரேஷனும் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் சிப் தொழிற்சாலை போட ஏற்பாடாகியிருந்தது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. இரண்டும் திரும்பிப் போயின. அந்த ஜூலையில் தமிழர் கடைகள் எரிந்த ஊர்களில் மாத்தளையும் ஒன்று. வந்திருந்தால் சிப் பூட்டிச் சோதிக்கும் கூலி வேலைதானே என்று சொல்வார்கள். பினாங்கில் 1972இல் இன்டெல் தொடங்கியதும் பூட்டும் வேலைதான், இன்று அங்கே வடிவமைப்பும் நடக்கிறது. பெங்களூரில் இன்டெல் பொறியியலாளர்கள் வடிவமைத்த வைட்ஃபீல்ட் என்ற நாலு கோர்ச் சிப் 2005இல் பாதியில் கைவிடப்பட்டது. ஆனால் 2008இல் ஆறு கோரும் 190 கோடி டிரான்சிஸ்டரும் கொண்ட டன்னிங்டன் அதே ஊரிலிருந்து வந்தது. சென்னை ஐஐடியில் காமகோடி தலைமையில் சக்தி என்ற நுண்செயலி 2018இல் சில்லாகக் கைக்கு வந்தது. நாங்கள் யுனிட்டி பிளாசாவில் பில் போட்டு வாங்கி வந்தோம்.

அன்னாரை மறுபடி கண்டதாகச் சொல்பவர்கள் உண்டு. 2023 ஜனவரியில் 6 கிகாஹேர்ட்ஸ் தொடும் சிப் ஒன்றை இன்டெல் விற்பனைக்கு விட்டது. விசாரித்தால், இருபத்து நாலு கோரில் ஓரிரண்டு மட்டும், சூடு அனுமதிக்கும் கொஞ்ச நேரம் அந்த உயரத்துக்கு எழும்பி இறங்கும். செத்தவரைப் போலவே ஒருவரைப் பஸ் ஸ்டாண்டில் கண்டேன் என்பது மாதிரிதான்.

2022இல் கரண்ட் இல்லாத மாதங்களில் டெலிபோன் பெட்டி, ஃபோட்டோகொப்பி மெஷின் எல்லாம் போய், கடை முழுக்க போன் கடையாகிவிட்டது. போன வருடம் பின்னறையையும் துப்புரவாக்கினார் நானா. பழைய இரும்புக்காரர் தூக்குத் தராசோடு வந்து நின்றார். நான் திறந்து பல்லி எடுத்த அதே பெட்டி. சூடு வாங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்கள். சுற்றிலும் அலுமினியம், நடுவில் வட்டமாகச் செம்பு.

"நானூத்தி முப்பது கிராம்."

"செம்பு ஈக்கி. செம்பையும் பாத்துச் செல்லுங்க" என்றார் நானா.

சிப்பை யாரும் கேட்கவில்லை. மூடித் தகட்டில் 2.40 என்ற எழுத்து பொடியாக இன்னும் இருந்தது. அடியில் 478 ஊசி, ஒரு மூலையில் நாலைந்து வளைந்திருந்தன. நானா பேனா முனையால் ஒன்றை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து உள்ளே போட்டார்.

அப்போது முன்பக்கம் ஒரு தாயும் மகளும். கண்ணாடி மேசைமேல் இரண்டு போன். இரண்டிலும் எட்டுக் கோர், விலையில் ஏழாயிரம் ரூபாய் வித்தியாசம். "இதுல எது நல்லா ஓடும், நானா?" என்று கேட்டாள் அந்தப் பெண். நானா பதில் சொல்லவில்லை. இரண்டிலும் ஒரே கேமைத் திறந்து, வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி, மேசைமேல் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பழைய இரும்புக்காரரிடம் காசை எண்ணி வாங்கினார். கால் மணி நேரம் போயிற்று.

"இப்ப ரெண்டையும் தொட்டுப் பாருங்க, மகள்."

அவள் ஒவ்வொன்றாக எடுத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல, பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.